வாங்கிய பழைய நான்கு வேக கியர்பாக்ஸ் உண்மையிலேயே மன்சி எம்-22 தானா என்று எப்படி உறுதி செய்வது?

கேட்டவரின் நிலை இது: 1969ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் ஒன்றைப் பழுதுநீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார், அதற்காகத் தனியாகக் கிடைத்த நான்கு வேக மேனுவல் கியர்பாக்ஸை, எந்த ஆவணமும் இல்லாமல் வாங்கியிருக்கிறார், விற்றவர் அதை எம்-22 என்கிறார், அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி கியர்பாக்ஸ் குடும்பத்தில் எம்-20, எம்-21 ஆகியவற்றுக்கு அடுத்த வகை. வெளிக்கூட்டின் மீது 3925660 என்ற வார்ப்பு எண் (வார்க்கும்போதே கூட்டில் பதிந்த எண்) இருக்கிறது. இந்த எண்ணே போதுமான சான்றா என்பதுதான் கேள்வி.

போதாது. அந்த எண்ணிலிருந்து தெரிவது, வெளிக்கூடு 1968 முதல் 1970 வரையிலான மாடல்களுக்கானது என்பது மட்டுமே. எம்-20, எம்-21, எம்-22 ஆகிய மூன்றும் அந்த ஆண்டுகளில் இதே கூட்டில்தான் வந்தன. 3831704 என்றிருந்தால் 1963, 3851325 என்றிருந்தால் 1964–65, 3885010 என்றிருந்தால் 1966–67 என்று காலத்தைக் கணிக்கலாமே தவிர, உள்ளே எந்தப் பற்சக்கரங்கள் சுழல்கின்றன என்பதை எந்த வார்ப்பு எண்ணும் சொல்வதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பெட்டி பல முறை பிரித்துப் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும், உடைந்த கூட்டுக்குப் பதிலாக வேறொரு கூட்டை மாட்டுவது பட்டறைகளில் சாதாரண வேலை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், வெளியே இருக்கும் எண்ணை உள்ளடக்கத்துக்குச் சான்றாக ஏன் கொள்ளக்கூடாது என்பது புரியும்.

முதலில், அது மன்சிதானா என்பதைப் பார்த்துவிடுங்கள். மன்சியின் கூடு அலுமினியம், காந்தம் ஒட்டாது. பக்கவாட்டு மூடியில் ஏழு போல்ட்டுகளும் இரண்டு லீவர்களும் இருக்கும். ரிவர்ஸ் லீவர் தனியாகப் பின்பக்க டெயில் ஹவுசிங்கில் இருக்கும். மூடியில் ஒன்பது போல்ட்டுகள் இருந்தால் அது போர்க்-வார்னர் டி-10. போல்ட்டுகள் ஏழாகவே இருந்து, கூடு வார்ப்பிரும்பாகவும் மூன்று லீவர்களும் அந்த மூடியிலேயே வரிசையாகவும் இருந்தால் அது சாகினா; குறைந்த திறனுள்ள என்ஜின்களுக்காக 1966இல் வந்தது. இந்தக் கடைசி வேறுபாட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. சாகினாவின் ஒரு வகையில் முதல் கியர் விகிதம், அதாவது பின்தண்டு ஒரு சுற்று முடிக்க முன்தண்டு சுற்றவேண்டிய அளவு, 2.54, மன்சி எம்-20இல் 2.52 என்பதால், விகிதத்தை மட்டும் அளப்பவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக்கூடும்.

குடும்பம் உறுதியான பிறகு, பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது; என்னைப் பொறுத்தவரை எல்லா எண்களையும்விட இதையே நம்புவேன். பெட்டியை மேசை மீது நிலையாக வைத்து, ரிவர்ஸை நியூட்ரலில் விட்டு, பக்கவாட்டு லீவர்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, முன்புறத் தண்டை அதிகமாகச் சுற்றினால்தான் பின்புறத் தண்டு ஒரு சுற்று முடிக்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள்; அதுதான் முதல் கியர். இரண்டு தண்டுகளிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பின்தண்டு சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்வரை முன்தண்டின் சுற்றுகளை எண்ணுங்கள். இருபத்தைந்துக்குச் சற்று மேலே, அதாவது 25.2 அளவில் நின்றால் அது 1966க்குப் பிந்தைய எம்-20, 25.6க்கு அருகே வந்தால் 1963–65 கால எம்-20. சரியாக இருபத்திரண்டில் நின்றால் நெருக்க விகிதமுள்ள (கியர்களின் விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக உள்ள) எம்-21 அல்லது எம்-22. ஒரே ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் 2.52க்கும் 2.56க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பத்துச் சுற்று எண்ணச் சொல்வது அதனால்தான்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1966க்குப் பிந்தைய எம்-20இல் முன்தண்டின் 21 பற்கள், கீழே உள்ள கவுண்டர் கியரின் 25 பற்களைச் சுழற்றுகின்றன. அதே கவுண்டர் கியரின் மறுமுனையில் உள்ள 17 பற்கள், முதல் கியரின் 36 பற்களைச் சுழற்றுகின்றன. இருபத்தைந்தை இருபத்தொன்றால் வகுத்து, முப்பத்தாறைப் பதினேழால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 2.52. நெருக்க விகிதப் பெட்டியில் முன்தண்டுக்கு 26 பற்களும் கவுண்டர் கியருக்கு 27 பற்களும் இருப்பதால் விடை 2.20 ஆகிறது. முதல் கியரின் ஜோடி இரண்டிலும் ஒன்றே, மாறுவது முன்ஜோடி.

உங்கள் எண்ணிக்கை இருபத்திரண்டில் நின்றுவிட்டால் கேள்வி பாதிதான் முடிந்திருக்கிறது, ஏனென்றால் எம்-21, எம்-22 இரண்டின் விகிதமும் ஒன்றே. இங்கே மூடியைத் திறந்தே ஆகவேண்டும். எம்-22இன் பற்கள் மற்ற இரண்டையும்விட மிகக் குறைந்த சாய்வில் வெட்டப்பட்டவை. அச்சுத் திசையில் வரும் தள்ளுவிசையையும் வெப்பத்தையும் குறைப்பதற்காக அப்படி அமைத்தார்கள். அதன் விளைவான இரைச்சல்தான் அதற்கு 'ராக் க்ரஷர்' என்ற பட்டப்பெயரைப் பெற்றுத்தந்தது. ஒரு எம்-21இன் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாய்வின் வித்தியாசம் அளவுகோல் இல்லாமலே தெரியும்.

முன்தண்டின் ஸ்பிளைன்களை (தண்டின் மீது நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்களை) சுற்றி வெட்டப்பட்ட வளையக் கோடுகளைப் பற்றிப் பலரும் சொல்வார்கள்: இரண்டு கோடு எம்-20, ஒரு கோடு எம்-21, கோடே இல்லையென்றால் எம்-22. 1966 முதல் தொழிற்சாலையிலிருந்து வந்த தண்டுகளுக்கு இது பொதுவாகப் பொருந்தும். ஆனால் பின்னாளில் மாற்றப்பட்ட தண்டு இந்த வழக்கத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆயில் வடிக்கும் திருகு இருந்தால் எம்-22 என்ற வாதத்தை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. துளையிட்டு மரை வெட்ட யாராலும் முடியும்.

மீட்டெடுப்பில் எண்கள் பொருந்த வேண்டும் என்பவர்கள், வார்ப்பு எண்ணைவிட அடித்துப் பதித்த எண்ணையே தேடவேண்டும். மன்சி கூட்டின் வலப்பக்கம், டெயில் ஹவுசிங் சேரும் இடத்தருகே 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் தேதிக் குறியீடு இருக்கும். உதாரணமாக பி9டி12பி என்றால் 1969 ஏப்ரல் 12. கடைசி எழுத்து 1969 அளவில் சேர்க்கப்பட்டது, அதில் ஏ என்பது எம்-20, பி என்பது எம்-21, சி என்பது எம்-22. உங்கள் கூட்டின் காலத்துக்கு இது பெரும் உதவி. காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் பெட்டியில் பதிக்கப்பட்டிருக்கும். உங்கள் காருடன் பிறந்த பெட்டியா என்பதை அதுதான் சொல்லும். அழுக்கை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு மட்டும் நீக்குங்கள். கம்பிச் சக்கரமோ மணல் வீச்சோ பட்டால் அலுமினியத்தில் ஆழமின்றிப் பதிந்த எழுத்துகள் போய்விடும். சுண்ணத்தைத் தேய்த்துத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். எழுத்துகள் கூர்மையாக இருந்து, அவற்றைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் வார்ப்பின் சொரசொரப்பின்றி வழவழவென்று இருந்தால், பழைய எண்ணைச் சீவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

வேறு நிறுவனங்களின் பெட்டிகளைத் தேடி இங்கே வருபவர்களுக்குச் சுருக்கமாக: ஃபோர்டின் டாப்லோடருக்குப் பக்க மூடியே கிடையாது, மூடி மேலே இருக்கும், நான்கு வேகத்துக்குப் பத்து போல்ட்டுகள், மூன்று வேகத்துக்கு ஒன்பது. அதன் தகட்டில் ஆர்யூஜி என்று தொடங்கும் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தகடு தொலைந்திருந்தால் மேலே சொன்ன அதே சுற்றுக் கணக்கில் 2.78 அகல விகிதம், 2.32 நெருக்க விகிதம். கிரைஸ்லரின் ஏ-833இல் முன்தண்டின் ஸ்பிளைன்களை எண்ணுங்கள். ஹெமி போன்ற பெரிய என்ஜின்களுக்கு 18, மற்றவற்றுக்கு 23.

உங்கள் பெட்டி 25.2 காட்டினால், எம்-22 என்பதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள், பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சாலையில் ஓட்டும் காருக்கு, அதுவும் பின் அச்சு விகிதம் 3.31 போல உயரமாக (விகித எண் சிறியதாக) இருந்தால், எம்-20இன் தாழ்ந்த முதல் கியரே நின்ற இடத்திலிருந்து கிளட்ச்சை வதைக்காமல் கிளப்பும், 2.20 முதல் கியர் 3.73 அல்லது அதைவிடத் தாழ்ந்த, அதாவது எண் பெரிய, அச்சுடன் சேரும்போதுதான் தன் வேலையைச் செய்கிறது.