வாசகர் கேள்வி – பதில்: ரோர்க்கி விடுதியும் ஹரோ வீதிகளும்

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி: லண்டனில் ஹரோ பகுதியில் வசிக்கும் என் மகள், ‘ஃபோல்ற்றி ரவர்ஸ்’ என்ற பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடரில் விடுதிக்காரர் பேசில் தன் காரை மரக்கிளையால் அடிக்கும் இடம் தங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்கிறாள். கதை நடப்பதோ ரோர்க்கி என்ற கடற்கரைப் பட்டினத்தில். அவள் சொல்வது சரியா? கோடையில் அங்கு போகவிருப்பதால் கேட்கிறேன்.

உங்கள் மகள் சொல்வது சரி. கதையின்படி அந்த விடுதி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், லண்டனிலிருந்து ஏறத்தாழ 200 மைல் தொலைவிலுள்ள ரோர்க்கியில் இருக்கிறது. 1970இல் படப்பிடிப்பொன்றுக்காக அப்பட்டினத்துக்குப் போன நடிகர் ஜோன் கிளீஸ், தாம் தங்கிய விடுதியின் உரிமையாளரது சிடுசிடுப்பைக் கண்டே, தாம் பின்னர் நடித்த பேசில் பாத்திரத்தை உருவாக்கினார். கிளீஸும் கொனி பூத்தும் சேர்ந்து எழுதிய இத்தொடர் 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாகப் பன்னிரண்டே பகுதிகளைக் கொண்டது. உட்புறக் காட்சிகள் மேற்கு லண்டனிலிருந்த பி.பி.சி. கலையகத்தில், பார்வையாளர் முன்னிலையில் ஒளிப்பதிவாகின. வெளிப்புறத்துக்கோ, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய அயல்களே போதுமாயிருந்தன.

கார் அடிபடும் காட்சி 1975 ஒக்ரோபரில் ஒளிபரப்பான ‘கூர்மே நைற்’ என்ற பகுதியில் வருகிறது. சமையற்காரர் குடித்துவிட்டு விழுந்து கிடக்க, விருந்துக்கான வாத்துக்கறியை நண்பரின் உணவகத்திலிருந்து எடுத்துவர ஓடும் பேசிலின் கார் நடுவழியில் நின்றுவிடுகிறது. அந்த இடம் ஹரோ பகுதியைச் சேர்ந்த கென்ரனில் லாப்ஸ்ரன் கார்டன்ஸ் என்ற வீதியும் மென்ற்மோர் குளோஸ் என்ற ஒழுங்கையும் கூடும் முச்சந்தியாகும். பேசில் காரைத் திட்டி, எச்சரித்து, பின் கமெராவின் பார்வையை விட்டு ஓடிப் போகிறார். கமெரா அசையாமல் வெறுங்காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் கிளையுடன் திரும்பி வந்து விளாசத் தொடங்குகிறார். இடத்தை அடையாளம் காண விரும்புவோருக்கு அந்த அசையாத கமெரா பெரும் உதவி. ஐம்பது ஆண்டுகளில் மரமும் வேலியும் கதவின் நிறமும் மாறிவிடும் என்பதால் அவற்றை நம்பாமல், சந்தியின் கோணம், கூரைகளின் சரிவு, புகைபோக்கிகளின் வரிசை, நடைபாதை விளிம்பின் வளைவு ஆகியவற்றையே படத்துடன் ஒப்பிடுங்கள். அங்குள்ளவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால், எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்ப்பதே முறை.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: அந்தச் சிவப்புக் கார், எங்கள் ஊரில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இனத்தைச் சேர்ந்ததா? தொடரில் விழும் அடிகள் மெய்யானவையா?

பெயர் ஒஸ்ரின்தான், ஆனால் இனம் வேறு. அது ஒஸ்ரின் 1100 கன்ரிமன் என்ற, பின்பக்கம் நீண்ட கூரையுள்ள கார். கேம்பிறிட்ஜில் எஞ்சின் நெடுக்காக அமர்ந்து பின்சில்லுகளைச் சுழற்றும்; 1100இல் அது குறுக்காக அமர்ந்து முன்சில்லுகளை இழுக்கும். வில்லுத் தகடுகளுக்குப் பதிலாக முன்சில்லையும் பின்சில்லையும் திரவக் குழாயால் இணைத்த, குலுக்கலைத் தாங்கும் தொங்கல் அமைப்பும் அதற்கு உண்டு. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் நன்கறிந்த மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கைவண்ணமே இதுவும்.

கிளை மெய்யான கிளைதான். அது விறைத்த தடியாக இருந்திருந்தால் காட்சி வெறும் வன்முறையாகியிருக்கும். இலையோடு வளைந்து துள்ளுவதாலேயே பேசிலின் கோபம் எவ்வளவு பயனற்றது என்பது கண்முன் தெரிகிறது. என் மதிப்பில் இத்தொடரின் மிகச் சிறந்த அரங்கப்பொருள் அந்தக் கிளைதான்.

ஆனால் விடுதிப் பரிசாரகன் மனுவேலாக நடித்த அன்ட்ரூ சாக்ஸ் பட்ட அடிகளில் சில உண்மையாகவே அவரை நோகச் செய்தன. ‘தி வெடிங் பார்ட்டி’ பகுதியில் கிளீஸ் அவரது தலையில் ஓங்கியது நிசமான உலோகச் சட்டி. ‘தி ஜேர்மன்ஸ்’ பகுதியில் சமையலறைத் தீயிலிருந்து ஓடிவரும் அவரது உடையிலிருந்து புகை எழுவதற்காகப் பயன்படுத்திய இரசாயனம் துணியில் ஊறித் தோலைச் சுட்டுவிட்டது. நாம் சிரித்த காட்சிகளுக்கு அந்த நல்ல நடிகர் கொடுத்த விலையை மறக்கக்கூடாது.

உடுவிலிலிருந்து ஒரு வாசகர்: ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் காட்டப்படும் வெள்ளை விடுதி இப்போதும் இருக்கிறதா?

இல்லை. அது லண்டனுக்கு மேற்கே, பக்கிங்ஹாம்ஷியரில் இருந்த வூபர்ன் கிறேஞ்ச் என்ற மாளிகை. 1991இல் தீப்பிடித்து, பின் இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. கிளீஸ் தங்கிய ரோர்க்கி விடுதியும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. தொடரில் விடுதி வாசலில் நின்ற பெயர்ப்பலகை மட்டும் ஒளிநாடாக்களில் வாழ்கிறது. முதலில் ஓரெழுத்து சரிந்தும், பின் விழுந்தும், போகப்போக எழுத்துகள் இடம்மாறி வேறு சொற்களாகியும் அது நிற்பதைக் கவனித்தால், எந்தப் பகுதியைப் பார்க்கிறோம் என்பதைப் பலகையைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்தக் குறும்பைச் செய்வது பத்திரிகை போடும் பையன் என்பது 1979இல்தான் காட்டப்படுகிறது.

பலகை தோன்றாத பகுதி ஒன்றே ஒன்று: ‘தி ஜேர்மன்ஸ்’. அது ஒரு வைத்தியசாலையுடன் தொடங்குகிறது. அந்தக் கட்டடம் ஹரோவுக்கு அருகிலுள்ள நோர்த்விக் பார்க் வைத்தியசாலை. எம்மவர் பலருடைய பிள்ளைகள் பிறந்த இடமாதலால், கோப்பாய் வாசகியின் மகளுக்கும் அது தெரிந்திருக்கும். நோர்த்விக் பார்க் நிலையத்தில் மெற்ரோபொலிற்றன் பாதை ரயிலேறி, லண்டன் நகர்ப்பக்கமாக அடுத்த நிலையத்தில் இறங்கினால் அது பிறெஸ்ரன் றோட். பேசில் வாத்து எடுக்கப்போன உணவகத்தின் முகப்பாகக் காட்டப்பட்ட கடை அதே பெயருள்ள வீதியில்தான் இருக்கிறது.