ஸ்பெயினில் குடும்ப வாழ்வும் ஆண், பெண் பொறுப்புகளும் எப்படி மாறின?

முதலில் மாறியது சட்டம். வீடு அதன் பின்னால் மெல்ல மாறிவருகிறது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் மணமான பெண் வேலைக்குச் சேரவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் கணவனின் அனுமதி வேண்டியிருந்தது; பிராங்கோ இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1975 மே மாதத்தில்தான், அந்த விதி நீக்கப்பட்டது. 1978இல் கருத்தடைச் சாதன விற்பனை சட்டபூர்வமானது. 1981இல் விவாகரத்து உரிமையும், 2005இல் ஒருபாலினத்தவர் திருமண உரிமையும் வந்தன.

என் பார்வையில் இவற்றைவிடச் சுவையானது, உரிமையியல் சட்டத்தின் 68ஆம் பிரிவில் 2005இல் சேர்க்கப்பட்ட ஒரு வாக்கியம். தம்பதியர் வீட்டுப் பொறுப்புகளையும், பிள்ளைகள், முதியோர் பராமரிப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் அந்த வாக்கியம், பதிவுத் திருமணத்தில் மணமக்கள் சம்மதம் சொல்வதற்கு முன் வாசித்துக் காட்டப்படுகிறது. (பாத்திரம் கழுவுவது யார் என்று பார்க்க எந்த அதிகாரியும் பிறகு வீட்டுக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.) இதைவிட வலுவான மாற்றம் 2021இல் நடந்தது: குழந்தை பிறந்தால் தாய்க்கும் தந்தைக்கும் சமமாக, தலா 16 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது, ஒருவரின் பங்கை மற்றவருக்கு மாற்ற முடியாது. அந்த நிபந்தனைதான் முக்கியம். மாற்றலாம் என்றிருந்தால் விடுப்பு முழுவதும் வழக்கம்போலத் தாயின் தலையிலேயே விழுந்திருக்கும்.

ஆயினும் பகுதிநேர வேலையில் இருப்போரில் பெரும்பான்மையோர் இன்றும் பெண்களே. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பலவற்றில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது தாத்தாவோ பாட்டியோதான். 1970களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3ஐ நெருங்கியிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை இன்று 1.2க்கும் கீழே இறங்கியிருப்பதற்குப் பெண்கள் படித்து வேலைக்குப் போவதை மட்டும் குறைசொல்வது பொருந்தாது. வீட்டு வாடகைக்கும் நிலையற்ற வேலைகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.