கொசஸ்தலைக் கரையும் கிராவல் சைக்கிளும்

அண்ணா, வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை. துறைமுகத்தை ஒட்டி ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரத்தில், இத்தாலியில் டஸ்கனி பக்கம் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கென்றே அகல டயர் போட்ட சைக்கிள்) ஓட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளை மண்சாலை, ஆற்றுப் பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டம், பழங்காலத்துத் தேவாலயம். காலையில் தெருமுனைக்குப் போனால் டிரெய்லர் வரிசை.

மூன்று கேள்விகள். வடசென்னையிலிருந்து போய் அப்படி ஓட்ட ஒரு இடமாவது இருக்கிறதா? ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கிராவல் பைக் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? அங்கே சைக்கிள்காரர்கள் முயற்சி எடுத்து மண்சாலைகளைத் தார் போடாமல் காப்பாற்றினார்களாமே, நாமும் ஏன் அப்படிக் கேட்கக்கூடாது?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது கேள்வியில் ஆரம்பிக்கிறேன். அதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 1997-இல் ஜான்கார்லோ பிரோக்கி என்பவர் காயோலே என்ற சிற்றூரிலிருந்து 'லெரோய்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். தாருக்கு அடியில் மறைந்துகொண்டிருந்த வெள்ளைச் சாலைகளைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கம். அதன் தொடர்ச்சியாக 2007-இல் 'ஸ்த்ராதே பியாங்கே' என்ற தொழில்முறைப் பந்தயம் வந்தது. வெள்ளைச் சாலைகளில் ஓடி சியேனா நகரச் சதுக்கத்தில் முடியும். இன்றைக்கு அந்தப் புழுதியைத் தின்னவே ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு மண்சாலை ஒரு வருமானம்.

நம் பக்கம் நிலைமை வேறு. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போக மண்சாலை ஒன்றுதான் என்றால், ஐப்பசி மழையில் 108 வண்டி ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பிரசவ வலியில் இருப்பவளைக் கட்டிலோடு தூக்கிவர வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்துத் தார்ச்சாலை வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற நாம் குறுக்கே நின்று, "போடாதீர்கள், எங்கள் டயருக்கு மண்தான் பிடிக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் நேரில் வராது.

நமக்கு வேண்டிய பாதை ஊருக்குள் போகிற சாலை இல்லை. தண்ணீருக்காகப் போட்ட கரை. ஆற்றுக்கரை, ஏரிக்கரை, கால்வாய்க்கரை. அது நம் பக்கம் வேண்டிய அளவு இருக்கிறது.

இனி முதல் கேள்வி. நீங்கள் குடியிருப்பதே ஓர் ஆற்றுச் சமவெளியின் வாயில்தான். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் சேறுமாக அந்த இடத்தைப் பார்த்துப் பழகியதால், நமக்கு அது ஆறு என்றே தோன்றுவதில்லை. அதையே மேற்கே எதிர்த்துப் போனால் வல்லூர் அணைக்கட்டு, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, பூண்டி நீர்த்தேக்கம் என்று வரிசையாக வரும். மேடு பள்ளம் எதிர்பார்க்காதீர்கள். ஏற்றம் என்றால் ஊருக்குள்ளிருந்து கரைமேல் ஏறுவது, அவ்வளவுதான். காட்சிக்கு சைப்ரஸ் மரம் இல்லை. பனை இருக்கிறது.

பழமைக்குக் குறைவா? நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு கட்டாயம் வந்திருக்கும். 2004-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள். இங்கிலாந்திலிருந்து ரோமுக்கு யாத்திரை போன பழைய வழி அதன் ஊடே போகிறது. சைக்கிள்காரர்கள் அதன் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். உங்கள் வீட்டுக்கு வடக்கே திருவொற்றியூரில் அப்படி ஒரு வழி தொடங்குகிறது, அதை யாரும் சைக்கிளோடு சேர்த்துப் பேசுவதில்லை.

சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உன்னைப் பிரியமாட்டேன் என்று ஒற்றியூர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். அப்புறம் திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் போன ஊர்களைப் பாருங்கள்: வடதிருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காடு, காஞ்சி. வடசென்னைக் கடற்கரையிலிருந்து மேற்கே, பார்வை இல்லாத ஒருவர் போன வழி. திருவெண்பாக்கத்தில் கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. கோபத்தில் அவர் வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். அந்தத் திருவெண்பாக்கம் எங்கே என்கிறீர்களா? பூண்டி. 1944-இல் முடிந்த நீர்த்தேக்கத்துக்குள் பழைய கோயில் இருந்த இடம் போய்விட்டது. கோயிலை மேட்டில் எடுத்துக் கட்டினார்கள். ஊன்றீஸ்வரர் கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர முன்னின்ற மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் அணைக்கு இருக்கிறது. தண்டையார்பேட்டைக் குழாயில் தண்ணீர் வர இடம் விட்டுக்கொடுத்த சாமி அது. பார்க்கப் போகலாம்.

ஒரு விஷயம். அந்த வழியை அடி பிசகாமல் ஓட்ட நினைக்காதீர்கள். ஒற்றியூரிலிருந்து முல்லைவாயில் வரை இன்றைக்கு மாதவரமும் கொளத்தூரும் அம்பத்தூர் எஸ்டேட்டும்தான். அதில் ஓட்டுவது பக்தியும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. மீஞ்சூர், வல்லூர் பக்கமும் கன்டெய்னர் லாரிகளின் ராஜ்யம். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பேசுங்கள். சைக்கிள்களை ஏற்றி, செங்குன்றம் தாண்டி, தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலையில் விடியும்போது இறங்குங்கள். வழியில் சோழவரம் வரும். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த ஊர். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், போயிருப்பார்.

தாமரைப்பாக்கத்திலிருந்து பூண்டி வரை ஆற்றை விடாமல் போகலாம். கரைப்பாதை சில இடத்தில் அறுந்துபோகும், ஊருக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மணல் அள்ளிய குழிகளும் இருக்கும், கரையை விட்டு ஆற்றுக்குள் சைக்கிளை இறக்காதீர்கள். பூண்டிக்கு அப்பால் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. மண் சிவந்து, காலடியில் கூழாங்கல் பெருகும். அல்லிக்குழி மலையின் படிவப் பாறை உதிர்ந்து உதிர்ந்து பரவிய குவார்ட்சைட் கற்கள் அவை. அந்தக் கல்லைத்தான் ஆதிமனிதர்கள் தட்டிக் கைக்கோடரி செய்தார்கள். அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அவற்றைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவும் உடன் ஆய்வாளர்களும் அங்கே பல ஆண்டுகள் தோண்டி, 2011-இல் வயதைச் சொன்னார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-இல் அதே இடத்தில் அதற்கு அடுத்த கட்டக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று வந்தது. உலகத்தில் கிராவல் ஓட்டப் புகழ்பெற்ற இடங்கள் நிறைய உண்டு. சக்கரத்துக்கு அடியில் இருக்கிற சரளையே வரலாறாக இருக்கிற இடம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லை எடுத்துப் பையில் போடாதீர்கள். அத்திரம்பாக்கம் பாதுகாக்கப்பட்ட இடம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அந்தக் கல்லுக்கு அர்த்தம். கையில் பிடித்தது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடியம் குகைகள் காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறையிடம் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

பைக். இப்போது வாங்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே ஹைபிரிட் (நேரான ஹேண்டில்பார் வைத்த சாதாரண கியர் சைக்கிள்) இருந்தால், ஃப்ரேமில் டயருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயர் மாட்டுங்கள். கிராவல் பைக்கின் வித்தையில் பெரும்பங்கு டயரில்தான் இருக்கிறது. அகலம் கூட இருப்பதால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். 70 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் 35, 40 பிஎஸ்ஐ போதும். டயர் கல்லின் மேல் எகிறாமல் அமுங்கிப் போகும், மணிக்கட்டு தப்பிக்கும். வளைந்த ஹேண்டில்பாரும் விலை உயர்ந்த கியரும் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு. ஒரு மழைக்காலம் முடிந்தும் ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நம் கரைகளின் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். டியூப்லெஸ் போட்டு உள்ளே சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் பால் ஊற்றினால் முள் ஏறினாலும் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். அப்படியும் ஒரு டியூப் கையில் இருக்கட்டும். கூடவே பிரெஸ்டா வால்வுக்கு (இந்த மாதிரி சைக்கிள்களில் வரும் மெல்லிய வால்வு) ஒரு பித்தளை அடாப்டர். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் எதையும் ஒட்டிக் கொடுப்பார், ஆனால் அவருடைய பம்பு உங்கள் மெல்லிய வால்வில் ஏறாது. பத்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடக்கும்போது ஒன்றரை லட்சமும் கனக்கும்.

போக நல்ல காலம் தை, மாசி. ஏரி நிறைந்திருக்கும், கரை இறுகியிருக்கும். மழைக்காலத்தில் பூண்டியில் மதகு திறந்துவிட்டால் கீழே தரைப்பாலங்கள் முழுகும். முழங்கால் தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கவே கூடாது. ஊத்துக்கோட்டையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா கால்வாய்க் கரையும் ஓட்ட அருமையாக இருக்கும். குடிதண்ணீர்க் கால்வாய் என்பதால் பணியாளர் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், திரும்பிவிடுங்கள். இன்னொன்று, விடிகாலையில் கரைப்பக்கம் ஒதுங்க வருகிறவர்கள் இருப்பார்கள். ஹெல்மெட் கேமராவை ஊர் தாண்டும்வரை அணைத்து வையுங்கள். ஆடு ஓட்டுபவர் வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். கரை அவருடையது.

பழவேற்காடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்கவே போகலாம். பொன்னேரியிலிருந்து தார்ச்சாலைதான், உங்கள் சாதாரண சைக்கிளே போதும்.

திரும்பி வரும்போது பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை தார்ச்சாலை. லாரி ஓடும். பகலானாலும் பின்விளக்கை எரியவிட்டே ஓட்டுங்கள். குட்டி யானைக்காரரைத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கே வரச் சொல்லிவிட்டால், பத்து மணி வெயிலுக்கு முன் நிழலுக்குப் போய்விடலாம்.