கேள்வி – பதில்: தியாலோ தெல்லியின் ஏற்றமும் முடிவும்

கேள்வி: ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் தம் சொந்த நாட்டுச் சிறையிலேயே பட்டினி போட்டுக் கொல்லப்பட்டார் என்று ஓர் இடத்தில் படித்தேன். அவர் யார்? அப்படி என்ன குற்றம் செய்தார்? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது உண்மை. அவர் பெயர் பூபக்கர் தியாலோ தெல்லி. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டின் போரேதாகா என்னும் ஊரில், ஃபுலானி இனத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். அப்போது கினி பிரான்சின் ஆட்சியில் இருந்தது. பாரிஸில் சட்டம் படித்து முனைவர் பட்டம் பெற்ற அவர், செனகலில் அரசு வழக்கறிஞராகப் பணியைத் தொடங்கி, 1957இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கப் பெருமன்றத்தின் பொதுச்செயலாளரானார். காலனி ஆட்சியில் ஓர் ஆப்பிரிக்கர் எட்டக்கூடிய உச்சப் பதவிகளுள் அதுவும் ஒன்று. பிரான்சுக்கு விசுவாசமாக இருந்திருந்தால் வசதியான வாழ்வு அவருக்கு உறுதியாக இருந்தது.

ஆனால் 1958 செப்டம்பர் 28 அன்று, பிரான்சும் அதன் காலனிகளும் சேர்ந்த 'பிரெஞ்சு சமூகம்' என்ற கூட்டமைப்பில் இருப்பதா என்ற பொதுவாக்கெடுப்பில் கினி மட்டும் 'வேண்டாம்' என்று ஏகமனதாகச் சொல்லும் அளவுக்கு வாக்களித்து, அக்டோபர் 2 அன்று விடுதலை பெற்றது. பிரான்ஸ் தன் அதிகாரிகளையும் உதவிகளையும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த நெருக்கடியான வாரங்களில், புதிய நாட்டுக்கு உலக அங்கீகாரம் தேடும் பொறுப்பை அதிபர் செக்கூ தூரே, தெல்லியிடம் ஒப்படைத்தார். டிசம்பர் 12 அன்று கினி ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரானது. அந்தச் சபையில் கினியின் நிரந்தரப் பிரதிநிதியாக, நடுவில் ஓர் இடைவெளி நீங்கலாக, 1964 வரை தெல்லி பணியாற்றினார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையைக் கண்காணிக்க அமைந்த சிறப்புக் குழுவுக்கு 1963இல் முதல் தலைவராக இருந்தவரும் அவரே.

அவர் செய்த குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க வேண்டும் என்று செக்கூ தூரேயின் ஆட்சி கருதவும் இல்லை.

கேள்வி: பொதுச்செயலாளராக அவர் சாதித்தது என்ன? (திருநெல்வேலி வாசகி)

பதில்: 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து அமைப்பைத் தொடங்கியபோது, எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஒருவர் செயலகத்தைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டார். 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய உச்சி மாநாடு தெல்லியை முதல் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. 1968இல் அல்ஜியர்ஸ் மாநாடு அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது.

அமைப்பின் சாசனம் அவருக்குத் தந்தது வெறும் நிர்வாகப் பொறுப்பு. தலைவர்கள் முடிவெடுப்பார்கள், செயலகம் கோப்பு பார்த்தால் போதும் என்பதே பல அதிபர்களின் எண்ணம். தெல்லி அதற்குக் கட்டுப்பட மறுத்தார். பிரிட்டிஷ் காலனியான ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் சிறுபான்மை அரசு 1965 நவம்பரில் தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தபோது, பிரிட்டன் அதை அடக்காவிட்டால் உறுப்பு நாடுகள் பிரிட்டனோடு தூதரக உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர்கள் தீர்மானித்தார்கள். கெடு முடிந்தபோது சில நாடுகள் மட்டுமே சொன்னபடி செய்தன. தீர்மானத்துக்கும் செயலுக்கும் இடையே இருந்த இந்தப் பள்ளத்தை நிரப்ப, போர்த்துகீசியக் காலனிகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் போராடியவர்களுக்காக ஓயாமல் பேசியவர் தெல்லி. அடக்கி வாசிக்காத அந்தக் குரலே, பிரான்சோடு நெருக்கமாக இருந்த தலைவர்கள் பலரை எரிச்சலூட்டியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1972இல் கேமரூனின் என்சோ எகங்காகி அந்தப் பதவிக்கு வந்தார். சம்பளமும் அலுவலகமும் தவிர வேறு அதிகாரம் இல்லாத ஒரு நாற்காலிக்கு மரியாதை தேடித் தந்ததைத் தெல்லியின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

கேள்வி: பதவி முடிந்ததும் வேறு நாட்டில் தங்கிவிடாமல் ஏன் கினிக்குத் திரும்பினார்? அவர் கைதானபோது ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஏன் தடுக்கவில்லை? (கோவை வாசகர்)

பதில்: போக வேண்டாம் என்று நண்பர்கள் எச்சரித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1970 நவம்பரில் போர்த்துகீசியப் படை தலைநகர் கோனாக்ரியைத் தாக்கியதற்குப் பிறகு செக்கூ தூரேயின் ஆட்சி எங்கும் சதியைத் தேடிக்கொண்டிருந்தது. அமைச்சர்களும் தூதர்களும் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அறிந்தே தெல்லி திரும்பினார். 1972 ஆகஸ்டில் அவருக்கு நீதி அமைச்சர் பதவி தரப்பட்டது. நீதிமன்றங்கள் கட்சிக்குக் கட்டுப்பட்டிருந்த நாட்டில், சட்டம் படித்த ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது பெருமைக்காக இருந்திருக்கலாம்; கண் பார்வையிலேயே வைத்துக்கொள்வதற்காகவும் இருந்திருக்கலாம்.

1976 ஜூலை 18 அன்று அவர் கைது செய்யப்பட்டார். ஃபுலானிகள் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறார்கள் என்றும் அதற்குத் தெல்லியே தலைவர் என்றும் செக்கூ தூரே பகிரங்கமாக முழங்கினார். ஓர் இனம் முழுவதும் துரோகிகளாகச் சித்திரிக்கப்பட்டது. கோனாக்ரி நகருக்குள்ளேயே இருந்த பொய்ரோ முகாமில், சித்திரவதைக் கூடத்தில் வதைத்து, அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆள் என்று அவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை. 1977 பிப்ரவரியில் அவரையும், அமைச்சர் பதவி வகித்த இருவரையும், இரண்டு இராணுவ அதிகாரிகளையும் தனித்தனி அறைகளில் அடைத்து, சோறும் தண்ணீரும் நிறுத்தினார்கள். அங்கே அதற்குக் 'கருப்பு உணவுமுறை' என்று பெயர். கதவு திறக்கப்பட்டது பிணத்தை எடுக்கத்தான். மார்ச் தொடக்கத்தில் தெல்லி இறந்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை.

அவர் எட்டு ஆண்டுகள் காத்த அதே சாசனத்தின் மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றவர்கள் தலையிடக் கூடாது என்று விதித்திருந்தது. காலனி ஆட்சியிலிருந்து அண்மையில் மீண்ட நாடுகளுக்கு அந்த விதி அவசியமாகப் பட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், தங்கள் முன்னாள் பொதுச்செயலாளர் சிறையில் கிடந்த ஏழு மாதங்களில் அமைப்பு வாய் திறக்காததற்கு அந்த விதியைச் சாக்காகக் கொண்டதை ஏற்க முடியவில்லை. மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்கச் சாசனம் 1981இல்தான் ஏற்கப்பட்டது. இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றில் தலையிடும் உரிமை அந்த அமைப்பின் இடத்துக்கு வந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுதப்பட்டது.

கேள்வி: அவருடைய உடலாவது குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டதா? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. செக்கூ தூரே 1984 மார்ச் 26 அன்று இறந்ததும், ஏப்ரல் 3 அன்று ஆட்சியைப் பிடித்த இராணுவம் கைதிகளை விடுவித்தது. அப்போதுதான் முகாமில் நடந்தவை முழுமையாக வெளிவரத் தொடங்கின. ஆயிரக்கணக்கானோர் அந்த ஆட்சிக்காலத்தில் இறந்தார்கள். பொய்ரோ முகாமில் மாண்டவர்களின் குடும்பத்தினர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, புதைத்த இடங்களை அடையாளம் காட்ட வேண்டும், உண்மை விசாரணை நடத்த வேண்டும் என்று அடுத்தடுத்து வந்த அரசுகளிடம் கேட்டு வந்திருக்கிறார்கள்.