கைலி முடிச்சும் எண்பது விழுக்காடும்

அன்புள்ள அக்கா,

நான் பீடோங்கில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ‘ஆண் தாதி’ என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. போன மாதம் கிராமத்து கிளினிக்குகளைப் பற்றி எழுதியபோது, பொதுச் சுகாதார வேலைகளில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கத்தான் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அப்பா வழிச் சொந்தம் இன்னும் சேலம் பக்கம் உண்டு. அத்தை மகன் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இந்திய மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் தாதி வேலைக்கான நார்செட் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டான். அங்கே 100 இடத்தில் 80 பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. அவனைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வகுப்புத் தோழிகள் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். காய்ச்சலில் கிடப்பவருக்கு ஊசி போடும் கை ஆண் கையா பெண் கையா என்று தெரியுமா? இது நியாயமா அக்கா? மச்சானுக்கு நான் என்ன சொல்ல?

பெயர் போட வேண்டாம்.
பீடோங், கெடா, மலேசியா

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மச்சானுக்கு நடப்பது நியாயமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுதிய வரியையும் திரும்பப் பெறப்போவதில்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பீர்கள். சரி, சொல்கிறேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம். மார்பில் பால் கட்டிக்கொண்டது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. என் அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பச்சை அடித்த பலகைக் கட்டடம், மருந்துத் தண்ணி வாங்குகிற சின்ன ஜன்னல், உள்ளே டிரெஸ்ஸர், அதாவது ஆஸ்பத்திரி உதவியாளர். நல்ல மனிதர். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி ஆயாதான் துணி மறைப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். “எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்குங்க” என்றாள். “சிவந்திருக்கா?” “கொஞ்சம் சிவப்புதான்.” சுவரைப் பார்த்தபடியே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சின்னம்மாவுக்கு நினைவு தப்பியது. தோட்டத்து லாரியில் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த மார்பில் அவள் அப்புறம் எந்தப் பிள்ளைக்கும் பால் கொடுக்கவில்லை.

டிரெஸ்ஸர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பார்க்க விரும்பியிருந்தாலும் அவள் காட்டியிருக்க மாட்டாள். வெளியே உட்கார்ந்திருந்த அவள் புருஷனும் விட்டிருக்க மாட்டார். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கு இந்த நாட்டில் 1965-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் நான் வளர்ந்த தோட்டத்திலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் ஒரு பெண் டிரெஸ்ஸரை நான் பார்த்ததே கிடையாது. படித்தவர் ஆணாக இருந்தார், பார்க்கக்கூடியவள் படிக்காத ஆயாவாக இருந்தாள். நடுவில் ஒரு துணி தொங்கியது. பிற்பாடு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸிமார், அதாவது பெண் தாதிகள், வீடு தேடி வர ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பெண்கள் பல நோய்களை வாய் திறந்தே சொன்னார்கள். என் அந்த ஒரு வரி இங்கிருந்து வந்தது, தம்பி.

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் வேலையைப் பெண்களுக்கென்று வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டியவர். கைதான பெண்ணின் உடலைச் சோதிப்பதாக இருந்தால் பெண் மருத்துவரே செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே விதி இருந்தது. இன்ன வேலை, அதற்கு இன்னார் வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிற விதி. இதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

இனி எய்ம்ஸுக்கு வருவோம். 80:20 என்பது 2019-இல் எடுத்த முடிவு. பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு, அவசரப் பிரிவு, அறுவைக் கூடம் என்று எந்தப் பிரிவினையும் அதில் கிடையாது. செவிலியர் அலுவலர் பணி முழுவதற்கும் ஒரே கணக்கு. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

பெண்களுக்கு இடம் ஒதுக்குவதில் இரண்டு விதம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு கொண்டுவந்தார்கள். அதை 40 ஆக்கப்போவதாக 2021-இல் அறிவித்தார்கள். அது ‘குறைந்தது இத்தனை பேர்’ என்கிற கணக்கு. மீதி இடம் ஆண் பெண் இரு பாலருக்கும் பொது. இந்தமாதிரி ஒதுக்கீட்டை எப்படி எண்ணுவது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தகுதி வரிசையிலேயே வந்துவிட்ட பெண்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். போதுமான பேர் ஏற்கெனவே வந்துவிட்டால் யாரையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பெண்கள் உள்ளே வர முடியாமல் நின்ற தாசில்தார் ஆபீசிலும் பொறியாளர் ஆபீசிலும் அப்படி ஒரு கணக்கு இல்லாமல் கதவு திறந்திருக்காது. எய்ம்ஸில் இருப்பதோ ‘ஆண்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது’ என்கிற கணக்கு. அதுவும் பெண்களே பெரும்பான்மையாக இருக்கிற ஒரு வேலையில். யாருக்கு யார் வழிவிடுகிறார்கள் இங்கே?

அடிமட்டத்தில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆண்களுக்கு என்றால் 100 இடத்தில் மூன்று. பழங்குடியினருக்கு ஏழரை விழுக்காடு, அங்கே ஆண்களுக்கு ஒன்றரை இடம். நர்சிங் படிப்புக்கு வருகிற பையன்கள் யார்? டாக்டர் படிப்புக்குக் கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். நம் தோட்டத்து ஜனம் எந்த ஊர்களிலிருந்து கப்பலேறி வந்ததோ, அந்த ஊர்ப் பிள்ளைகள். எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஆந்திராவில் 1984-இல் பெண்கள் ஒதுக்கீட்டு விதி கொண்டுவந்தபோது, பெண்களுக்கு ‘அதிகம் பொருந்தும்’ வேலைகள், இரு பாலருக்கும் ‘சமமாகப் பொருந்தும்’ வேலைகள் என்று பிரித்தே எழுதினார்கள். இரண்டாம் வகையில் 30 விழுக்காடு தருவது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ‘அதிகம் பொருந்தும்’ என்ற சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. துடைப்பது, ஊட்டுவது, கூட இருப்பது பெண்ணின் பிறவிக் குணம் என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த வேலைக்குக் கூலியைக் குறைத்தார்கள். பிறவிக் குணத்துக்கு யாராவது நல்ல சம்பளம் கொடுப்பார்களா? இங்கிலாந்தில் 1919-இல் தாதியர் பதிவேடு உண்டானபோது ஆண்களைத் தனி ஏட்டில் ஒதுக்கி வைத்தார்கள். 1949 வரை அப்படியே இருந்தது. நம் மொழியையே பாருங்கள். செவிலி என்றால் சங்கப் பாட்டில் தலைவியை வளர்த்த தாய். உங்களைக் குறிக்க நமக்கு ஒரு சொல்கூட இல்லாமல், முன்னால் ‘ஆண்’ என்று ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டில், பாகுபாடு கூடாது என்று சொல்கிற கூட்டரசு அரசமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் என்ற சொல் 2001-இல்தான் சேர்ந்தது. பொதுத்துறையின் முடிவெடுக்கும் பதவிகளில் பெண்கள் 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற கொள்கை 2004-இல் வந்தது. அது மேல் நாற்காலிகளுக்கானது, எனக்குச் சம்மதமே.

காய்ச்சல்காரருக்குக் கை தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் தம்பி. என் அப்பாவைச் சொல்கிறேன். அப்போது எழுபத்தெட்டு வயது, புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் வைக்க இரண்டு சின்ன வயது மிஸ்ஸிகள் வந்தார்கள். அப்பா கைலி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற உளி பிடித்த கை, யாராலும் பிரிக்க முடியவில்லை. வலியில் கண்ணீர் வழிகிறது, முடிச்சை மட்டும் விடவில்லை. “ஆம்பளை யாரும் இல்லையாம்மா?” என்று என்னிடம் கேட்டார். அந்த ஷிப்டில் இல்லை. சாயங்காலம் ஒரு பையன் வந்தான், உங்கள் வயதுதான் இருக்கும். திரையை இழுத்துவிட்டு, “எந்தத் தோட்டம் தாத்தா?” என்று கேட்டான். அப்பா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு டிவிஷனைச் சொன்னார். பேசிக்கொண்டே கையை எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

அந்தப் பையனும் ஒதுக்கீட்டுக்கு உரியவன்தான். ஆண்கள் வார்டுக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஆண் தாதி ஒருவர் கட்டாயம் என்று எழுதட்டும். பிரசவ அறைக்கும் வீட்டுக்கு வீடு போகிற வேலைக்கும் பெண்கள்தான் என்று எழுதட்டும். இரண்டையும் நான் ஆதரிப்பேன். அறுவைக் கூடம், அவசரப் பிரிவு, நர்சிங் கல்லூரி வகுப்பறை இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் வரிசை போதும். சத்தீஸ்கரில் நர்சிங் கல்லூரி ஆசிரியர் பணி முழுவதையும் பெண்களுக்கே என்று வைத்திருந்தார்கள். அது செல்லாது என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. பாடம் நடத்த எந்தத் துணி மறைப்பும் தேவையில்லையே.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த தேர்வையும் எழுதட்டும், விடக் கூடாது. வழக்கறிஞரைப் பார்ப்பதாக இருந்தால் சத்தீஸ்கர் தீர்ப்பைக் கையோடு கொண்டுபோகட்டும். அப்புறம், தோழிகளோடு பேச்சை நிறுத்திவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். விதியை அவர்கள் எழுதவில்லை. நாளைக்கு ஆண்கள் வார்டில் கைலி முடிச்சை விடாத ஒரு கிழவர் முன்னால் துணைக்கு ஆளில்லாமல் நிற்கப்போவதும் அவர்கள்தான். வார்டு வாரியாகப் பிரித்துக் கேட்டு ஒரு மனு எழுதி, முதலில் அவர்களிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவார்கள்.

அன்புடன்,
அக்கா