பென்சில் எங்கே தம்பி?

இயங்கலை (ஆன்லைன்) கணித வகுப்புகளைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்தவை.

கே: கல்லூரியில் சேரச் சொன்ன இயங்கலை அடிப்படைக் கணித வகுப்புக்கு, டிப்ளோமாக் கணக்கில் சேரும் கிரெடிட் உண்டா?

ப: பெரும்பாலும் கிடையாது. அதற்காக வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

கே: சார், கணிதத்தில் நான் வீக். என்ன செய்யலாம்?

ப: என்ன படிக்கிறீர்கள், எஸ்.பி.எம்மில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) என்ன கிரேடு, எந்தப் பாடம் வரவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. கிளினிக்கில் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பீர்களா? மறுபடி எழுதுங்கள்.

கே: 600 வெள்ளி கட்டி ஒரு இயங்கலை வகுப்பில் சேர்ந்தால், அந்தச் சான்றிதழ் எஸ்.பி.எம். கணிதத்தில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வாங்கியதற்கு ஈடாகும் என்கிறார்கள்.

ப: அதை முடிவு செய்வது நீங்கள் சேரப்போகும் கல்லூரி, விற்கிறவர் இல்லை. கல்லூரிப் பதிவகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முழு டிப்ளோமா என்று சொன்னால் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஒரு சென்கூடக் கட்டாதீர்கள்.

கே: 40 காணொளி பார்த்தேன். இயங்கலை வினாடிவினாவில் முழு மதிப்பெண். கல்லூரித் தேர்வில் 28தான். வகுப்பே ஏமாற்றா?

ப: பார்க்கும்போது கையில் பென்சில் இருந்ததா தம்பி? இதை நான் எழுதிக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பதிலே போடுவதில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வினாடிவினா விடையைப் பக்கத்துத் திரையில் தேடிப் போடுவது படிப்பில்லை.

போன மாதம் மின்னியல் டிப்ளோமா படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். இணைச்சுற்றுக் காணொளியை நான்கு முறை பார்த்தாளாம், கணக்கு வரவில்லை. நோட்டைத் திறக்கச் சொன்னேன். 6 ஓம், 3 ஓம் தடைகள். 1/6 + 1/3 = 2/9 என்று போட்டு, அதைத் தலைகீழாக்கி மொத்தத் தடை 4.5 ஓம் என்று எழுதியிருந்தாள். இணைச்சுற்றில் மொத்தம், இருப்பதில் சிறிய தடையான 3 ஓமுக்குக் கீழேதான் வரவேண்டும். 1/6 + 1/3 = 1/2, சரியான விடை 2 ஓம். ஓட்டை மின்னியலில் இல்லை, ஆரம்பப் பள்ளிப் பின்னத்தில். மூன்று நாள் பின்னம் மட்டும் போட்டாள், சுற்று தானாக வந்துவிட்டது.

அப்புறம் நேரம். கல்லூரிப் பாடத்தின் ஒரு கிரெடிட்டுக்குச் (எஸ்.பி.எம். கிரெடிட் இல்லை) சுமார் 40 மணி நேரப் படிப்பு என்பது நம் நாட்டுக் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி, வாரத்துக்கு எட்டு ஒன்பது. உங்கள் 40 காணொளியும் சேர்ந்து ஆறு மணி நேரம் இருக்குமா? மிச்ச நேரம் பென்சிலுக்கு.

கே: முதல் செமஸ்டரை அடிப்படை வகுப்புக்கே ஒதுக்கலாமா?

ப: கல்லூரி அனுமதித்தால் அடிப்படை வகுப்பையும் அசல் கணிதப் பாடத்தையும் சேர்த்தே எடுங்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் 2015 முதல் அப்படித்தான் நடத்துகின்றன. முதலில் அடிப்படை என்று தனியாக நிறுத்தினால், பலர் அசல் பாடத்துக்கு வருவதற்குள் காணாமல் போகிறார்கள்.

கே: மகன் தோட்டத்து வீட்டில் இருந்து படிக்கிறான். மழை வந்தால் இணைய லைன் போய்விடுகிறது.

ப: அம்மா, நேரலை வகுப்பை மட்டும் நம்ப வேண்டாம். பதிவிறக்க முடிகிற வகுப்பாகப் பாருங்கள். டவுனுக்கு வரும் நாளில் பாடத்தை இறக்கி, பயிற்சித் தாளை அச்செடுத்துக்கொண்டு போகட்டும். காகிதத்துக்கு லைன் வேண்டாம். பென்சிலும் இரண்டு வாங்கிக் கொடுங்கள்.