வேன் உங்களுடையது, பர்மிட் யாருடையது?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறேன். எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவன். சேலத்தில் ஒருவரிடம் பழைய 12 சீட் வேன் வாங்கி ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். ஃபைனான்ஸ் டியூ ஓடுகிறது. பர்மிட் மட்டும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. நாகலூர், செம்மநத்தம் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு அழைத்துப்போகக் கேட்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று தருவார்களாம். பள்ளி நிர்வாகமோ, "வண்டியை எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள், வரி குறையும். டியூவை நீங்கள் கட்டுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம்" என்கிறது. செய்யலாமா?

பதில்: பள்ளியின் யோசனைக்கு அப்புறம் வருகிறேன். அதைவிட அவசரம் பர்மிட், அதாவது வண்டியை வாடகைக்கு ஓட்டுவதற்கான அனுமதி. ஆர்.சி. மாறினால் பர்மிட்டும் கூடவே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 82-வது பிரிவுப்படி, பர்மிட் கொடுத்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது. இன்றைக்கு ஒரு பிள்ளையை வாடகைக்கு ஏற்றினாலும் பர்மிட் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. 192ஏ பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியைப் பிடித்தும் வைக்கலாம்.

அபராதத்தையாவது கட்டிவிடலாம், பயப்பட வேண்டியது இன்சூரன்ஸுக்கு. பர்மிட் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவருக்கும் இதே கதிதான். ஆகவே பழைய ஓனரைக் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் பர்மிட் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்; அது முடியும்வரை ஓட்டாதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் இன்றே கொடுங்கள்.

இனி பள்ளியின் யோசனை. என் பதில்: மாற்றிக் கொடுக்காதீர்கள். பள்ளிப் பேருந்துக்கு வரி குறைவு என்பது உண்மைதான். ஆனால் சட்டம் சொல்லும் கல்வி நிறுவனப் பேருந்து பள்ளிக்கே சொந்தமாக இருக்க வேண்டும். மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்ற மட்டுமே ஓட வேண்டும். பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில், கோடை விழாவுக்கு வருகிறவர்களை லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று சுற்றிக்காட்டிச் சம்பாதிக்க முடியாது. மலையில் வேன் வைத்திருப்பவருக்கு அந்த வருமானம் சின்ன விஷயமா? டியூ உங்களுடையது, வண்டி அவர்களுடையது. நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் சாவியைக் கேட்டு வாங்கக்கூட வழியிருக்காது. ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதிக்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. தாளாளரிடம் ஒன்று சொல்லுங்கள்: விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயரோ அவரைத்தான் நீதிமன்றம் உரிமையாளராகப் பார்க்கும். இதை அவர் யோசித்திருக்க மாட்டார்.

உங்கள் வண்டி 12 சீட் என்பது ஒரு வசதி. டிரைவர் தவிர 12 பேர் வரை ஏற்றும் வேன் சட்டப்படி மேக்ஸி கேப். அதில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினாலும் அது ஒப்பந்த வாகனம்தான், அதாவது பேசி வாடகைக்கு ஓட்டும் வண்டி. 20 சீட் மினி பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் என்றால் வண்டி முழுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் பேச வேண்டும். ஆனாலும் வீடு வீடாக வசூலுக்கு அலைவதைவிட, பள்ளியோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். மே மாதத்துக்குப் பாதித் தொகையாவது கேளுங்கள். டியூவும் இன்சூரன்ஸும் லீவு எடுப்பதில்லை. டீசல் விலை ஏறினால் யார் ஏற்பது என்பதும் அதில் இருக்கட்டும். கீழே சேலத்தில் ஓட்டும் வேன்காரர் வாங்கும் ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் தேயும் பிரேக் லைனிங்கும் கிளட்ச்சும் அவர் கணக்கில் வராது.

பள்ளி வாகனங்களுக்கான தமிழக அரசின் 2012 விதிகள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர் எல்லாம் கேட்கின்றன. பள்ளியும் உங்களிடம் இவற்றைக் கேட்கும், கேட்பது நியாயமும்கூட. உதவியாளர் சம்பளம் யாருடையது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். அவரும் 12 சீட்டில் ஒருவர், ஆகவே பிள்ளைகள் 11 பேர்தான். தலைக்கு ரேட் போடும்போது மொத்தத் தொகையை 12-ஆல் வகுக்காமல் 11-ஆல் வகுத்துப் பாருங்கள்.